வாயை இறுக்கி மூடுற பிள்ளைக்கு சோறு தீத்துறது

பிள்ளைக்கு ஆறு மாசம் முடியப்போகுது எண்டா கொழும்பில எங்கட ஆக்களின்ர வீடுகளில என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே. நாள் பாக்கோணும், கோயிலுக்கு கொண்டுபோய் சோறு தீத்தோணும், வெள்ளிக் கிண்ணம் அப்பம்மா வீடு வாங்கிறதா அம்மம்மா வீடு வாங்கிறதா எண்டு கதைச்சு முடிக்கோணும், போட்டோ எடுத்து லண்டனுக்கும் கனடாவுக்கும் அனுப்போணும். எங்களுக்கும் எல்லாம் வடிவா நடந்தது. பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில வைச்சு விரல் நுனியில எடுத்துக் குடுத்த பால்சோத்தை மகள் நக்கிப்போட்டு சுத்தி நிண்ட எல்லாரையும் பாத்து சிரிச்சவா. அடுத்த நாள் காலமை வீட்டில கிண்ணத்தோட முன்னால இருந்தா வாய் திறக்கேல்ல. அதுக்கடுத்த நாளும் திறக்கேல்ல. பிறகு கன நாளைக்கு அதுதான் எங்கட வீட்டுக் கதை.

இப்ப அதே இடத்தில நிக்கிற தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் எண்டுதான் இதை எழுதுறன். நான் விளங்கிக்கொண்டது ஒண்டுதான், அதை முதலே சொல்லிப்போட்டு மிச்சத்துக்குப் போறன். என்ன குடுக்கிறது, எப்ப குடுக்கிறது, எங்க இருத்திக் குடுக்கிறது எண்டதெல்லாம் எங்கட வேலை. எவ்வளவு சாப்பிடுறது, சாப்பிடுறதா இல்லையா எண்டது பிள்ளையின்ர வேலை. பிள்ளையளின்ர சாப்பாட்டைப் பற்றிப் படிச்ச ஆக்கள் இதைக் கன காலமா சொல்லிக்கொண்டுதான் வருகினம், ஆனா ஒரு வீட்டுக்குள்ள மூண்டு தலைமுறை ஒண்டா இருந்து ஒரு கிண்ணத்தைப் பாத்துக்கொண்டிருக்கேக்க அதைக் கடைப்பிடிக்கிறது லேசில்ல.

மகள் வாய் மூடுற விதத்தைச் சொல்லோணும். கரண்டி கிட்ட வரேக்க முதல்ல அதை கண்ணால பாப்பா. பிறகு ரெண்டு உதட்டையும் உள்ளுக்கு இழுத்து பல்லில்லாத முரசால கடிச்சுப் பிடிப்பா, நாடியை நெஞ்சில வைச்சுக்கொண்டு தலையை இடப்பக்கம் திருப்புவா. அதையும் தாண்டி ஏதோ கொஞ்சம் உள்ளுக்கு போனா நாக்கு நுனி மெல்ல வெளிய வந்து அதை அப்பிடியே தள்ளிக்கொண்டுவந்து கீழுதட்டில வைக்கும். கோபமும் இல்ல அழுகையும் இல்ல, நிதானமா வைப்பா.

அந்த நாக்கால தள்ளுறது பிறக்கேக்கயே எல்லாப் பிள்ளையளுக்கும் வாற ஒரு பாதுகாப்பு. கட்டியா எது வாய்க்குள்ள போனாலும் மூச்சுக்குழாய்க்கு போகாம வெளிய தள்ளிவிடும். 4 மாசத்துக்கும் 6 மாசத்துக்கும் இடையில அது மெல்ல மறையும், சில பிள்ளையளுக்கு இன்னும் கொஞ்சம் பிந்தும். அதால துப்பினதெல்லாம் பிடிக்காமத் துப்பினது எண்டு நினைக்கத் தேவையில்ல, விழுங்கத் தெரியாமலும் துப்பலாம். பால் உறிஞ்சிறது ஒரு வேலை, சோத்தை நாக்கால பின்னுக்கு கொண்டுபோய் விழுங்கிறது முற்றிலும் வேற வேலை, அந்த ரெண்டாவது வேலையை பிள்ளை புதுசா பழகோணும். இதை கிளினிக்கில மிட்வைப் மிஸ் சொல்லக் கேட்டாப் பிறகுதான் எங்கட அம்மாவுக்கு முகம் கொஞ்சம் தெளிஞ்சது.

ஏன் எண்டா வீட்டில ஆளுக்கொரு கருத்து. எங்கட அம்மா யாழ்ப்பாணத்தில இருந்து எனக்கு உதவிக்கெண்டு வந்து வெள்ளவத்தையில எங்களோட நிக்கிறா. அவா சொல்லுவா, "பால் குடிச்சுக்கொண்டே இருந்தா சோத்தில எப்பிடி ஆசை வரும், பாலைக் குறை பிள்ளை." கொட்டாஞ்சேனையில இருந்து மாமி போன் எடுத்து, "நாலு மாசத்திலயே தொடங்கியிருக்கோணும் பிள்ளை, இவன் நாலு மாசத்தில ரஸ்க் தேத்தண்ணில தோய்ச்சு சாப்பிட்டவன்" எண்டுவா. ரெண்டு பேரிலயும் எனக்கு கோபமில்ல. 2001 இலதான் உலக சுகாதார சபை ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் குடுங்கோ எண்டு தீர்மானம் போட்டது, அதுக்கு முதல் சொல்லிக்கொண்டு வந்தது நாலில இருந்து ஆறு மாசம் எண்டு. மாமிக்கு அந்தக் காலத்து கிளினிக்கில சொன்னதைத்தான் மாமி செய்தவா, அந்தப் பிள்ளைதான் என்ர மனுசன், நல்லா வளந்து இப்ப எனக்குப் பக்கத்தில இருந்து சோறு சாப்பிடுது. தேத்தண்ணி குடுக்க மட்டும் நான் விடேல்ல. தேத்தண்ணியில இருக்கிற சாமான் சாப்பாட்டில இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாது, இந்த வயசுப் பிள்ளைக்கு மற்ற எல்லாத்தையும்விட இரும்புதான் அவசரம், அதைப் பற்றி கீழ சொல்லுறன்.

பாலைக் குறைக்கிற கதைக்கு வாறன். ஒரு வயசு வரைக்கும் பால்தான் முக்கிய சாப்பாடு, சோறு அதுக்கு மேலால. உலக சுகாதார நிறுவனத்தின்ர கணக்கில தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு 6 மாசத்தில இருந்து 8 மாசம் வரைக்கும் வேற சாப்பாட்டில இருந்து தேவைப்படுறது ஒரு நாளைக்கு 200 கலோரி மட்டில, 9 தொடக்கம் 11 மாசம் வரைக்கும் 300, ஒரு வயசு தாண்டினாத்தான் 550. முதல் தொடங்கேக்க ஒரு நேரத்துக்கு ரெண்டு மூண்டு மேசைக்கரண்டி போதும், பிறகு மெல்ல மெல்ல அரைக் கப்புக்கு வரலாம். பிள்ளையின்ர வயிறு ஒரு கிலோ நிறைக்கு 30 மில்லி மட்டிலதான் கொள்ளும், அப்ப 7 கிலோ பிள்ளைக்கு 210 மில்லி, அதாவது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. அம்மா முதல் கிழமை காய்ச்சி வைச்ச கஞ்சி எங்கட ரெண்டு பேருக்கும் காணும்.

அந்தக் கஞ்சியைப் பற்றித்தான் மிட்வைப் மிஸ் முதல்ல கேட்டவா. அவா கரண்டியில கொஞ்சம் கஞ்சி எடுத்து சரிச்சுக் காட்டச் சொன்னா. ஒழுகினது. "இது தண்ணி, கரண்டியைச் சரிச்சாலும் சட்டெண்டு விழாம நிக்கிற தடிப்பில குடுங்கோ" எண்டா. யோசிச்சுப் பாத்தா அவ்வளவு உண்மை. தாய்ப்பாலில 100 மில்லிக்கு 65, 70 கலோரி மட்டில இருக்கு, வடிச்சு எடுத்த கஞ்சித் தண்ணி அதுக்குக் கிட்டவும் வராது. அந்தச் சின்ன வயித்தை கஞ்சித் தண்ணியால நிரப்பினா பிள்ளை பாலையும் குறைச்சுப்போடும், சத்தும் போகாது. நாங்கள் நல்லது செய்யிறம் எண்டு நினைச்சு பட்டினி போடுற மாதிரி. அதால குறைய சாப்பிடுற பிள்ளைக்கு செய்யவேண்டியது அளவைக் கூட்டுறது இல்ல, கரண்டிக்குள்ள இருக்கிறதை கனதியாக்கிறது. குழைய அவிச்ச சோறு, பருப்பு, பூசணி, அதுக்கு மேல ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டா அதிலயே 40 கலோரிக்கு மேல வரும். இல்லாட்டி தடிச்ச தேங்காய் முதற்பால். பட்டர் இருந்தா பட்டர். அஞ்சு வாய்தான் சாப்பிடுறா எண்டா அந்த அஞ்சு வாயும் பெறுமதியா இருக்கட்டும்.

நான் இப்பவும் செய்யிற ஒரு சட்டியைச் சொல்லுறன். ஒரு பிடி பச்சையரிசி, அதில பாதி மைசூர்ப் பருப்பு, ஒரு துண்டு பூசணி தோல் சீவி, கழுவின முருங்கை இலை கொஞ்சம் உருவிப் போட்டு, நிறையத் தண்ணி விட்டு மூடி அவிய விடுறது. வத்தி வரேக்க கரண்டியின்ர பின்பக்கத்தால சட்டியிலயே மசிக்கிறது. உப்பு போடுறேல்ல, சீனியும் ஒரு வயசு வரைக்கும் வேண்டாம், தேன் வேண்டவே வேண்டாம் (ஒரு வயசுக்கு முதல் தேன் நாக்கில தடவுறது எங்கட பக்கம் வழக்கம், ஆனா அதில இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னப் பிள்ளையின்ர குடலுக்குள்ள வளந்து நஞ்சாகும், பெரியாக்களுக்கு ஒண்டும் செய்யாது). கடைசியா முதற்பால் விட்டு இறக்கி, ஆறினாப் பிறகு ரெண்டு சொட்டு தேசிக்காய்ப்புளி. புளி விடுறது ருசிக்கில்ல. இலையிலயும் பருப்பிலயும் இருக்கிற இரும்பை உடம்பு லேசில எடுக்காது, விற்றமின் சி கூட இருந்தா நல்லா எடுக்கும். புளி பிடிக்காட்டி பப்பாசி ரெண்டு துண்டு பிறகு குடுக்கலாம்.

இரும்புக்கு வாறன். பிள்ளை வயித்தில இருக்கேக்க தாயிட்ட இருந்து எடுத்துச் சேத்து வைச்ச இரும்பு ஆறு மாசத்தோட முடியுற மட்டில வந்திடும், தாய்ப்பாலில இரும்பு சரியான குறைவு. அமெரிக்க அளவுப்படி 7 மாசத்தில இருந்து ஒரு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் வேணும். வளந்த ஆம்பிளைக்கே 8 தான். ஆறு மாசத்தில சோறு தொடங்கச் சொல்லுறதுக்கு பெரிய காரணமே இதுதான், ஆனா எங்கட வீடுகளில மாசக்கணக்கா சோறும் கரட்டும் உருளைக்கிழங்கும் மட்டும் போகும், மீனும் முட்டையும் "இப்பவே ஏன்" எண்டு தள்ளிப் போகும். உலக சுகாதார நிறுவனம் 2023 இல விட்ட வழிகாட்டலில மீன், முட்டை, இறைச்சி மாதிரியான சாப்பாடு ஒவ்வொரு நாளும் குடுக்கச் சொல்லியிருக்கு. இரும்பு குறைஞ்சா பிள்ளைக்கு பசியும் குறையும், பசி குறைஞ்சா சாப்பாடு குறையும், சாப்பாடு குறைஞ்சா இரும்பு இன்னும் குறையும். அந்த வட்டத்துக்குள்ள பிள்ளையை விடக்கூடாது. கோழி ஈரல் ஒரு சின்னத் துண்டு கிழமைக்கு ஒருக்கா அவிச்சு மசிச்சு சோத்துக்குள்ள போட்டா மகளுக்கு தெரியவே தெரியாது. ஈரலில விற்றமின் ஏ கனக்க இருக்கிறதால அடிக்கடி வேண்டாம்.

மீனுக்கு அம்மாதான் பொறுப்பு. வெள்ளவத்தை மார்க்கெட்டில பாரை நல்லதா வந்தா நடுத்துண்டு ஒண்டு வாங்கி, கொஞ்சம் மஞ்சள் போட்டு அவிச்சு, தோலை உரிச்சுப்போட்டு ஒரு வெள்ளைக் கோப்பையில வைச்சு உதிர்ப்பா. ஒவ்வொரு உதிரியையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில வைச்சு நசிச்சு, கோப்பையில ஒருக்கா தேய்ச்சுப் பாத்துத்தான் மற்றப் பக்கம் தள்ளுவா. "கண்ணை நம்பாத பிள்ளை, விரலை நம்பு" எண்டுவா. மயிர் மாதிரி இருக்கிற முள்ளும் அந்த விரலுக்கு தப்பாது. பச்சை நெத்தலி கிடைச்சா தலையையும் குடலையும் எடுத்து அவிச்சு முள்ளோடயே அரைக்கிறது, கல்சியமும் சேரும். நெத்தலிக் கருவாடு எண்டா உப்புப் போக ஊறவைச்சு ரெண்டு மூண்டு தண்ணியில கழுவி, வறுத்துத்தான் இடிக்கோணும்.

எடை விஷயத்தில அப்பம்மா அம்மம்மா எல்லாரும் ஏன் பயப்பிடுகினம் எண்டதும் எனக்கு விளங்குது. முதல் ஆறு மாசமும் பிள்ளை கண்ணுக்கு முன்னால ஊதும், பிறகு நிண்டுபோன மாதிரி இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின்ர வளர்ச்சி அட்டவணையில நடுவில நிக்கிற பெண்பிள்ளை பிறக்கேக்க 3.2 கிலோ, ஆறு மாசத்தில 7.3, ஒரு வயசில 8.9. முதல் அரை வருசத்தில 4 கிலோவுக்கு மேல, ரெண்டாவது அரை வருசத்தில ஒண்டரைக் கிலோ சொச்சம். சாப்பாடு தொடங்கின உடனே எடை கூடுறது குறைஞ்சுபோச்சு எண்டு வீட்டில அழுகினம், அது எல்லாப் பிள்ளைக்கும் அப்பிடித்தான். கிளினிக் புத்தகத்தில பாக்கவேண்டியது போன மாசத்தைவிட எத்தினை கிராம் எண்டதில்ல, கோடு அந்த வளைவோட சேந்து போகுதா எண்டதைத்தான். பக்கத்து பிளாட்டு பிள்ளை எத்தினை கிலோ எண்டதும் தேவையில்லாத கதை.

இனி இந்தக் கட்டுரையில எனக்கு முக்கியமான இடம். பலவந்தமா தீத்துறது. எங்கட ஆக்கள் அன்பிலதான் செய்யினம், எனக்கு அதில சந்தேகமே இல்ல, பிள்ளை பசியோட படுக்கப்போகுதே எண்ட ஏக்கத்திலதான் செய்யினம். ஆனா காலில படுக்கப் போட்டு மூக்கைப் பிடிச்சு வாய் திறக்கேக்க பருக்கிறதை நான் எந்த வீட்டில கண்டாலும் நிப்பாட்டச் சொல்லுவன். சோறு மூச்சுக்குழாய்க்குள்ள போகும், அது ஆபத்து. ரெண்டாவது, கரண்டியைக் கண்டாலே பயப்பிடுற பிள்ளையை நாங்களே உண்டாக்கிறம். ஒரு பிள்ளை வாயை மூடுறது, தலையைத் திருப்புறது, கரண்டியைத் தட்டுறது எல்லாம் கதைக்கத் தெரியாத ஆள் "காணும்" எண்டு சொல்லுறதுதான். அதை மதிச்சா பிள்ளைக்கு தன்ர பசி தன்ர கையில இருக்கு எண்டு தெரியும். மதிக்காட்டி சாப்பாட்டு நேரம் சண்டை நேரமாகும், அந்தச் சண்டையில பிள்ளையை ஒருத்தரும் வெல்ல ஏலாது.

போனில பாட்டு போட்டு தீத்துறதும் எனக்கு சரிவரேல்ல. எங்கட பல்கனியில நிண்டா கடற்கரை கோச்சி போறது வடிவா தெரியும், அம்மா "கோச்சி வருது, ஆ காட்டு" எண்டு சொல்ல மகள் கோச்சியைப் பாத்து வாயைப் பிளப்பா, கரண்டி உள்ளுக்கு போகும். அப்ப சாப்பிடத்தான் செய்யிறா. ஆனா முகத்தைப் பாத்தா தெரியும், வாய்க்குள்ள சோறு வந்ததே அவவுக்கு தெரியாது, அப்பிடியே கன்னத்தில வைச்சுக்கொண்டு கடலைப் பாத்துக்கொண்டு நிப்பா. வயிறு நிறைஞ்சதும் தெரியாது. கோச்சியை கோச்சியா ஆறுதலா இருந்து பாக்கட்டும், சோத்தை சோறா சாப்பிடட்டும் எண்டு அம்மாவோட கதைச்சு ஒரு முடிவுக்கு வந்தம். அம்மா ஒத்துக்கொள்ள கொஞ்சம் நாள் எடுத்தது, அது நியாயம்தான், அவா வளத்த பிள்ளையள் எல்லாம் நிலாவையும் காகத்தையும் பாத்துச் சாப்பிட்ட பிள்ளையள்.

பிள்ளையை நம்பலாமா எண்டு கேக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுற ஒரு பழைய கதை இருக்கு. கிளாரா டேவிஸ் எண்ட அமெரிக்க டொக்டர் 1926 இல ஒரு பரிசோதனை தொடங்கினவா. பால் மறந்த 15 பிள்ளையளுக்கு முன்னால சும்மா அவிச்ச, இல்லாட்டி பச்சையா இருக்கிற சாப்பாடுகளை தட்டத்தில வைச்சுப்போட்டு, நேர்ஸ்மார் பேசாம இருக்கோணும். பிள்ளை கையை நீட்டினா மட்டும் குடுக்கலாம், சாப்பிடு எண்டு சொல்லவோ போதும் எண்டு தடுக்கவோ கூடாது. 34 வகைச் சாப்பாடு, இறைச்சி, மீன், முட்டை, தானியம், மரக்கறி, பழம். பிள்ளையள் ஒரு நேரம் ஒரே சாமானை அள்ளி அள்ளிச் சாப்பிடுவினம், அடுத்த நேரம் அதைத் திரும்பியும் பாக்கமாட்டினம், ஒருத்தரும் மற்ற ஆள் மாதிரி சாப்பிடேல்ல. ஆனா எல்லாப் பிள்ளையளும் நல்லா வளந்துதுகள். வந்த முதல் நாளில எலும்பு நோயோட இருந்த ஒரு பிள்ளை பக்கத்தில வைச்ச மீனெண்ணெய்யை தானாவே குடிச்சு, நோய் மாறினாப் பிறகு அதை விட்டிட்டுது. அதில முக்கியமான விஷயம், அந்த 34 இல பிஸ்கட்டும் இல்ல இனிப்பும் இல்ல. தெரிவு பிள்ளையின்ர, ஆனா தட்டத்தில என்ன வைக்கிறது எண்டது பெரியாக்களின்ர. நான் மேல சொன்ன வேலைப் பங்கீடு அப்பிடியே இதுக்குள்ள இருக்கு.

தட்டத்தில வைக்கிறதில இன்னொரு விஷயம், ஒருக்கா துப்பினதை "இவவுக்கு பிடிக்காது" எண்டு முடிச்சுவிடக்கூடாது. 2007 இல ஜேர்மனியிலயும் பிரான்சிலயும் செய்த ஆய்வு ஒண்டில தாய்மார் பிள்ளை துப்பின மரக்கறியையே ஒரு நாள் விட்டு ஒரு நாள் எட்டுத் தரம் திரும்ப குடுத்தவை, கடைசியில பெரும்பாலான பிள்ளையள் பிடிச்ச மரக்கறி அளவுக்கே அதையும் சாப்பிட்டதுகள். வீட்டில நாங்கள் ரெண்டு மூண்டு தரத்தோட கைவிட்டிடுவம். மகள் முருங்கை இலைக்கு மூக்கைச் சுருக்கி ஒரு கண்ணை மூடி உடம்பை ஒருக்கா சிலுப்புவா, பாத்தா வேப்பிலை குடுத்த மாதிரி இருக்கும், ஆனா அதே நேரம் அடுத்த வாய்க்கு குனிவா. முகத்தைப் பாத்து முடிவெடுக்காம வாயைப் பாக்கோணும். குனியேல்ல எண்டா கிண்ணத்தை எடுத்து வைச்சிடுறது, ஒரு கதையும் இல்லாம, நாளைக்கு கொஞ்சமா திரும்ப வைக்கிறது.

பிளெண்டர் பற்றியும் சொல்லோணும். கொழும்பில இப்ப எல்லா வீட்டிலயும் பிளெண்டர் இருக்கு, எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு அடிச்சா வேலை சுகம். ஆனா அது ஒவ்வொரு நாளும் ஒரே நிறம் ஒரே மணம், பிள்ளைக்கு பூசணி எது பருப்பு எது எண்டு தெரியவே வாய்ப்பில்ல. இங்கிலாந்தில பிரிஸ்டல் பக்கம் 1991, 1992 இல பிறந்த ஆயிரக்கணக்கான பிள்ளையளை தொடந்து பாத்த ஒரு பெரிய ஆய்வில, பத்து மாசத்துக்குப் பிறகு கட்டி கட்டியான சாப்பாடு தொடங்கின பிள்ளையளுக்கு பதினைஞ்சு மாசத்திலயும் மற்றப் பிள்ளையளைவிட சாப்பாடு குடுக்கிறது கூடக் கஷ்டமா இருந்தது எண்டு கண்டிருக்கினம். கரண்டியால மசிச்சுத் தொடங்கி, எட்டு மாசமளவில சின்னச் சின்னக் கட்டி இருக்க விட்டு, ஒன்பது பத்து மாசத்தில கையால எடுக்கிற துண்டுகளும் வைக்கிறது நல்லம்.

கட்டி தொடங்கேக்க பிள்ளை ஓங்காளிக்கும், முகம் சிவக்கும், இருமும், கண்ணில தண்ணி வரும். பாக்க நெஞ்சு பதறும். ஆனா சத்தம் வருதெண்டா மூச்சு போய் வருது, பிள்ளை தானே அதை முன்னுக்கு தள்ளும், நாங்கள் விரலை விட்டு நோண்டக்கூடாது. சத்தமே இல்லாம, இருமவும் அழவும் ஏலாம, நிறம் மாறினாத்தான் அடைச்சிருக்கு. ஒரு வயசுக்கு குறைஞ்ச பிள்ளை எண்டா உடனே முழங்கையில குப்புறக் கிடத்தி தலை கீழ இருக்கத்தக்கதா முதுகில தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில 5 தரம் உள்ளங்கையின்ர அடிப்பக்கத்தால தட்டோணும், போகாட்டி நிமித்தி நெஞ்சின்ர நடுவில 5 தரம் அமத்தோணும், மாறி மாறி. பக்கத்தில இன்னொரு ஆள் இருந்தா 1990 க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடோணும். வீட்டில பிள்ளைக்கு சாப்பாடு குடுக்கிற எல்லாரும், வேலைக்கு வாற அக்கா உட்பட, இதைப் பழகி வைச்சிருக்கோணும். முழுக் கச்சான், முழு முந்திரிகைப்பழம் (திராட்சை), கரட் பச்சைத்துண்டு எல்லாம் கையில குடுக்கவே வேண்டாம்.

கச்சான் எண்டா பிள்ளைக்கே குடுக்கக்கூடாது எண்டும் அர்த்தமில்ல. 2015 இல லண்டனில இருந்து வந்த ஆய்வில, ஒவ்வாமை வரக்கூடிய 640 பிள்ளையளில, ஒரு வயசுக்கு முதலே கச்சான் சேத்த சாப்பாடு குடுக்கத் தொடங்கின கூட்டத்துக்கு அஞ்சு வயசில கச்சான் ஒவ்வாமை 80 வீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தது. நைசா அரைச்சு கஞ்சிக்குள்ள ஒரு துளி, காலமை நேரம், அண்டைக்கு வேற புதுச் சாமான் ஒண்டும் இல்லாம. பிள்ளைக்கு தோலில கடுமையான கரப்பன் இருந்தா முதல் டொக்டரிட்ட கேளுங்கோ.

எங்கட வீட்டில எது மாத்தினது எண்டு கேட்டா, ஹை செயாரை எங்கட சாப்பாட்டு மேசைக்கு கொண்டுவந்ததைத்தான் சொல்லுவன். அதுவரைக்கும் மகளுக்கு சாப்பாடு எண்டா தனிய ஒரு மூலையில மூண்டு பெரியாக்கள் தன்னைப் பாத்துக்கொண்டு நிக்கிற நேரம். நாங்கள் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முன்னுக்கு கொண்டுவந்து நாலு பேரும் ஒண்டா இருந்தம், ஒருத்தரும் அவவைப் பாக்கிறேல்ல, எங்கட பாட்டில கதைச்சுக்கொண்டு சாப்பிடுவம். ஒரு இரவு இடியப்பமும் சொதியும். இவர் பிய்ச்சு வைச்ச இடியப்பத்தை மகள் எட்டி ஒரு கைப்பிடி அள்ளினா, சொதி முழங்கை வரைக்கும் வழியுது, உள்ளங்கையால அப்பிடியே வாய்க்குள்ள அமத்தினா, பாதி நாடியில தொங்குது, மிச்சத்தை முரசால மெண்டு மெண்டு விழுங்கினா. பிறகு திரும்ப கையை நீட்டினா. அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறக்க இவர், "அம்மா, பேசாம இருங்கோ, சாப்பிடட்டும்" எண்டு மெல்லச் சொன்னார். அண்டையில இருந்து எங்கட சாப்பாட்டையே கொஞ்சம் மாத்தினம். சொதிக்கு உப்பும் பச்சைமிளகாயும் போட முதல் மகளின்ர பங்கை எடுத்து வைக்கிறது, கறிக்கு தூள் போட முதல் கிழங்கு ரெண்டு துண்டு எடுக்கிறது. தனிச் சமையல் குறைஞ்சது, நான் வேலையால வந்து நிக்கிற நேரத்துக்கு அது பெரிய உதவி. நிலம் எல்லாம் சோறு, அது உண்மை, பழைய சீலை ஒண்டை விரிச்சா வேலை முடிஞ்சுது.

பல் வரேக்க திரும்ப வாயை மூடினவா. பல்லுக்கொழுக்கட்டை கொட்டின அண்டைக்கு கொழுக்கட்டையை மட்டும் பொறுக்கி நசிச்சு விளையாடினவா, சோறு வேண்டாம் எண்டா. காய்ச்சல் தடிமன் வந்தாலும் அப்பிடித்தான். அந்த நாட்களில பாலைக் கூடக் குடுத்து, குளிரான தயிர், மசிச்ச வாழைப்பழம் எண்டு போக விட்டம். சுகமானாப் பிறகு பசி தானா வரும், அப்ப ஒரு நேரம் கூடக் குடுக்கலாம்.

இதெல்லாம் சுகமா இருக்கிற, விளையாடுற, கோடு வளைவோட போற பிள்ளைக்குச் சொன்னது. பொறுமையா இருங்கோ எண்டு நான் சொல்லுறதை எல்லாப் பிள்ளைக்கும் எடுக்கவேண்டாம். புத்தகத்தில கோடு நேரா படுத்திட்டுது இல்லாட்டி கீழ இறங்குது, ஒவ்வொரு தரம் விழுங்கேக்கயும் இருமுது, பாலும் சேத்து வேண்டாம் எண்டுது, அடிக்கடி சத்தியெடுக்குது, மூத்திரம் குறையுது, உதடும் உள்ளங்கையும் வெளிறிப்போய் சோம்பலா கிடக்குது, ஒன்பது மாசமாகியும் ஒண்டையும் வாய்க்குள்ள எடுக்குதில்ல எண்டா வீட்டு ஆலோசனையை விட்டிட்டு பிள்ளை டொக்டரிட்ட போங்கோ. ரத்தம் ஒருக்கா சோதிச்சா இரும்பு குறைவா எண்டு தெரியும், குறைவெண்டா துளி மருந்து தருவினம். சில பிள்ளையளுக்கு விழுங்கிறதிலயே பிரச்சினை இருக்கும், அதுக்கு பயிற்சி குடுக்கிற ஆக்கள் ஆஸ்பத்திரிகளில இருக்கினம். போகேக்க கிளினிக் புத்தகத்தை மறக்காம கொண்டுபோங்கோ, ஒரு கிழமை பிள்ளை என்ன சாப்பிட்டது எண்டு ஒரு கொப்பியில எழுதிக்கொண்டும் போங்கோ, டொக்டர் கேக்கிற முதல் ரெண்டும் அதுதான்.